அவசரக்குடுக்கை

மார்ச் 4

அன்புள்ள அக்காவுக்கு,

நெட்டை எழுதுவது. நான் நலம். நீ எப்படி இருக்கிறாய்? அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் கட்டை அவிழ்த்துவிட்டார்களா? இதை நீதான் வாசித்துக் காட்டப் போகிறாய் என்று தெரியும். அதனால் முதலில் அம்மாவுக்கு: உன் பிள்ளை மூன்று வேளையும் ஒழுங்காகச் சாப்பிடுகிறான்.

இங்கே போன் எடுக்காது. வாரத்துக்கு ஒரு படகு வருகிறது, அதில்தான் தபால். ஆற்றுக்கு நடுவில் பாலத்துக்குத் தூண் எழுப்புகிறோம். தூணின் அடியில் பாத்திரத்தைக் கவிழ்த்த மாதிரி ஓர் இரும்பு அறை. தண்ணீர் உள்ளே வராமலிருக்கக் காற்றை அழுத்தி அடைத்திருக்கிறார்கள். அதற்குள் இறங்கி மண் தோண்டுவது எங்கள் வேலை. வேலை முடிந்ததும் மேலே ஓர் அழுத்த அறையில் இரண்டு மணி நேரம் உட்கார வேண்டும். அங்கே காற்றைக் கொஞ்சம் கொஞ்சமாக இறக்குவார்கள். அவசரப்பட்டால் ரத்தத்தில் குமிழி உண்டாகி மூட்டில் போய் உட்காருமாம். அம்மா, பயப்படாதே. எவ்வளவு நேரத்தில் எவ்வளவு காற்றை இறக்குவது என்று கணக்குப் போடத்தான் வெளியே ஒரு பெட்டி இருக்கிறது.

விஷயத்துக்கு வருகிறேன். அந்தப் பெட்டியின் அடியில் ஒரு ஸ்டிக்கர். குனிந்து படித்தால் உன் கம்பெனிப் பெயர். எனக்குத் தலைகால் புரியவில்லை. ‘எங்க அக்கா பண்ண பொட்டி’ என்று ஒருத்தர் விடாமல் சொல்லிவிட்டேன்.

அதன் முகப்பில் ஒரு கடிகாரம் ஓடுகிறது. காலையில் சரிசெய்து வைத்தால் சாயங்காலத்துக்குள் முந்திக்கொண்டு போய்விடும். ஆட்கள் அதற்கு அவசரக்குடுக்கை என்று பெயரே வைத்துவிட்டார்கள். அறையை வெளியிலிருந்து திறந்து மூடும் கதவுக்காரர் மட்டும் சிரிக்கவில்லை. ‘என் கைக்கடியாரம் முப்பது வருஷமா ஒரு நிமிஷம் தப்புனதில்ல. இதப் பாத்தே காத்த எறக்கறேனே’ என்றார். நான் விடவில்லை. ‘வெளிய காட்டற நேரம் வேற, உள்ள போடற கணக்கு வேற. எங்க அக்கா எழுதுனது தப்பாகாதுங்க’ என்று சண்டையே போட்டேன். கடைசியில் மேஸ்திரி என் பக்கம் நின்றார். இப்போது பெட்டி சொல்வதுதான் சட்டம்.

உண்மையில் நீ என்னதான் எழுதுகிறாய்? ஆட்கள் கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

உன் தம்பி,
நெட்டை


மார்ச் 19

அன்புள்ள தம்பிக்கு,

இங்கே இருவரும் சுகம். அம்மாவின் கட்டை அவிழ்த்தாயிற்று, ஆனால் இன்னும் எழுத்து தெரியவில்லை. உன் கடிதத்தை இரண்டு முறை வாசிக்கச் சொன்னாள். குமிழி வரும் இடத்தை நான் மென்று விழுங்கிவிட்டேன். இனி அந்த மாதிரி எழுதாதே.

நான் என்ன எழுதுகிறேன் என்று கேட்டாய். நான் வேலைக்குப் போன பத்து வருஷமும் ஒரே வீட்டில் இருந்தபோது கேட்காதவன். சொல்கிறேன், கேள்.

மேஜைமேல் இருக்கிற கம்ப்யூட்டரை எடுத்துக்கொள். அதை ஓட்டுகிற இயங்குதளம் ஒவ்வொரு பகுதியையும் ‘யார் நீ?’ என்று கேட்கும், அதுவும் பதில் சொல்லும். ஏஆர்எம் சிப் வைத்த எங்கள் மின்சுற்றுப் போர்டில் பாதிப் பொருள்கள் ஊமை. எது எங்கே இருக்கிறது, எவ்வளவு வேகம், எந்தக் கம்பி எதற்குப் போகிறது என்று ஒருவர் எழுதிக் கொடுத்தால்தான் இயங்குதளத்துக்குத் தெரியும். அந்த வன்பொருள் விவரக் கோப்பை எழுதுவது நான். முன்பு ஆளுக்கொரு விதமாக எழுதினார்கள். ஒரு போர்டில் ஓடும் இயங்குதளம் அடுத்ததில் படுத்துக்கொள்ளும். இப்போது ஒரு பொது முறை வந்திருக்கிறது. விவரத்தைப் போர்டே தன்னிடம் வைத்திருந்து, எந்தத் திறந்த மூல இயங்குதளம் வந்தாலும் ஒரே வடிவில் நீட்ட வேண்டும். அதற்கு ஒரு தேர்வும் உண்டு. உங்கள் பெட்டியில் இருக்கும் போர்டு அதில் ஒரு குறை இல்லாமல் தேறியது.

கடிகாரத்துக்கு பேட்டரி தீர்ந்திருக்கும், மாற்றச் சொல். நீ சொன்னதுதான் சரி, காற்றுக் கணக்கு அந்த பேட்டரியை நம்பி இல்லை. கதவுக்காரரிடம் தைரியமாகச் சொல், போர்டுக்கு விவரம் எழுதினவளே சொல்லிவிட்டாள் என்று.

அம்மா உன்னைத் தலைக்கு எண்ணெய் வைக்கச் சொல்கிறாள்.

அக்கா


ஏப்ரல் 2

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலம். அம்மா இப்போது எழுத்தைப் பார்க்கிறாளா?

உன் கடிதத்தை எல்லோர் முன்னாலும் வாசித்தேன். ‘எழுதுனவங்களே சொல்லிட்டாங்க, அப்புறம் நான் யாரு’ என்று கதவுக்காரர் கைக்கடிகாரத்தைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். பாவமாகத்தான் இருந்தது. ஆனால் ஊமைப் பொருள்கள் கதை எல்லோருக்கும் பிடித்துவிட்டது. இங்கே பேசாமல் வேலை செய்கிற ஒருவனை இப்போது ஏஆர்எம் என்றுதான் கூப்பிடுகிறார்கள்.

பாட்டுக்காரர் என்று சொன்னேனே, இல்லை, சொல்லவில்லையோ? தோண்டும்போது பாடுகிறவர். இடுப்பு வலி என்று போன படகில் ஊருக்குப் போய்விட்டார். எங்களோடு இறங்குகிற வெல்டருக்குத் தோளைத் தூக்க முடியவில்லை. வேலை அப்படி, வயதும் ஆகிறது.

சாயங்காலம் கரையில் எல்லோரும் பந்து ஆடுகிறார்கள். நான் ஸ்கோர் எழுதுகிறேன். காற்று நன்றாக வருகிறது.

புது பேட்டரி போட்டாயிற்று. அவசரக்குடுக்கை அடங்கவில்லை, அதே ஓட்டம். பழக்கதோஷம் போல.

நெட்டை


ஏப்ரல் 10

தம்பிக்கு,

நாங்கள் சுகம்.

ஒரு வேலை செய். கதவுக்காரரின் கைக்கடிகாரத்தைப் பெட்டிக்குப் பக்கத்தில் வை. அதில் சரியாக ஒரு மணி நேரம் ஆகும்போது பெட்டி எத்தனை நிமிடம் காட்டுகிறது என்று பார். மூன்று முறை பார். அடுத்த படகிலேயே எழுது. ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

பந்தைக் கண்டால் சாப்பாட்டை விட்டு ஓடுகிறவன் நீ. ஏன் ஸ்கோர் எழுதுகிறாய்?

அக்கா


ஏப்ரல் 19

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலம். அம்மா நலமா?

மூன்று முறையும் பார்த்தேன். கைக்கடிகாரத்தில் அறுபது நிமிடம், பெட்டியில் அறுபத்தைந்து. அரை நிமிடம் கூடப் பிசகவில்லை. ‘தப்பா ஓடுனாலும் ஒழுங்கா தப்பா ஓடுது’ என்றார் கதவுக்காரர்.

எதற்கு அக்கா இது? உன் கடிதம் நாலு வரிதான் இருந்தது. நீ நாலு வரியில் நிறுத்துகிறவள் இல்லையே.

மழை வருமுன் அடித்தளம் முடிய வேண்டுமாம். அதனால் இனி தினமும் இறங்க வேண்டும், வார விடுப்பு கிடையாது.

நெட்டை


ஏப்ரல் 27

தம்பிக்கு,

இதை அம்மாவுக்குத் தெரியாமல் எழுதுகிறேன். கவனமாகப் படி.

பெட்டியின் காற்றுக் கணக்கும் அந்த வேகத்தில்தான் ஓடுகிறது. பேட்டரி வேறு, கணக்கு வேறு என்று நான் எழுதினது நிஜம்தான், ஆனால் குறை பேட்டரியில் இல்லை. போர்டில் கிரிஸ்டல் என்று அரிசி அளவுக்கு ஒரு பொருள். அதன் துடிப்பை எண்ணித்தான் பெட்டி ‘ஒரு விநாடி ஆயிற்று’ என்று முடிவு செய்யும். இரண்டு கோடியே நாற்பது லட்சம் துடிப்பு ஒரு விநாடி என்று விவரக் கோப்பு சொல்கிறது. உங்கள் பெட்டியில் இருக்கும் கிரிஸ்டல் இரண்டு கோடியே அறுபது லட்சம் துடிக்கிறது. விநாடி முடிவதற்குள் முடிந்ததாக எண்ணிவிடுகிறது. நீங்கள் இரண்டு மணி நேரம் உட்கார்ந்ததாகப் பெட்டி சொல்லும்போது ஒன்பது நிமிடம் குறைவாகத்தான் உட்கார்ந்திருக்கிறீர்கள்.

எங்கள் ஆபீசில் எல்லாப் பெட்டியும் வலைத்தொடர்பில் இருக்கும். அடிக்கொருதரம் வெளியே நேரம் கேட்டுத் தன்னைத் திருத்திக்கொள்ளும். அதனால் யார் கண்ணிலும் படவில்லை. தேர்விலும் படவில்லை. விவரம் முறைப்படி எழுதப்பட்டிருக்கிறதா என்றுதான் தேர்வு பார்க்கும். உண்மையா என்று பார்க்காது.

யாரோ பழைய போர்டின் கோப்பிலிருந்து அந்த எண்ணை அப்படியே எடுத்திருக்கிறார்கள். மேலாளரிடம் சொன்னேன். ‘அடுத்த பதிப்புல சேத்துக்கலாம். இப்ப யாருக்கும் எழுத வேண்டாம், வாங்குனவங்க பயந்துடுவாங்க’ என்றார்.

இன்றிலிருந்து பெட்டியை நம்பாதே. கதவுக்காரர் கைக்கடிகாரத்தைக் கட்டிக்கொள்ளட்டும். பெட்டி நூற்று முப்பது நிமிடம் காட்டும்வரை யாரும் வெளியே வரக் கூடாது. மேஸ்திரியிடம் இந்தக் கடிதத்தைக் காட்டு.

உன் கால் எப்படி இருக்கிறது?

அக்கா


மே 14

தம்பிக்கு,

இரண்டு படகு வந்துபோயிற்று. உன் கடிதம் இல்லை. அம்மா தினமும் வாசல் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருக்கிறாள். நேற்று உன் பழைய கடிதத்தையே புதிது மாதிரி வாசித்துக் காட்டினேன். ‘நலம்னு எழுதியிருக்கானா, அது போதும்’ என்று படுத்துக்கொண்டாள்.

உங்கள் ஒப்பந்தக்காரரின் நகர அலுவலகத்துக்குப் போன் போட்டேன். ‘உங்க கம்பெனி லெட்டர்ஹெட்ல வந்தா முகாமுக்குத் தகவல் அனுப்பறோம்’ என்றார்கள். கம்பெனி கொடுக்க மறுத்துவிட்டது.

போன கடிதத்தில் ‘யாரோ’ என்று எழுதினேன். அந்த யாரோ நான்தான். எல்லோரும் செய்வதைத்தான் செய்தேன். புது போர்டு வந்தால் பழைய கோப்பை எடுத்துப் பெயரை மாற்றி, மாறின இடங்களைத் திருத்துவோம். முதல் தொகுதிப் போர்டுகளில் பழைய கிரிஸ்டல்தான் இருந்தது. இரண்டாம் தொகுதிக்கு அது கிடைக்கவில்லை, வேறு போட்டார்கள். போர்டு வரைகிறவர் படத்தின் மூலையில் அதைக் குறித்து எனக்கு அனுப்பியிருந்தார். விவரத்தில் மாற்றம் ஏதும் இல்லை என்று கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்துப் போட்டிருக்கிறேன். அந்தத் தாளை நேற்று எடுத்துப் பார்த்தேன். என் கையெழுத்து அழகாக இருக்கிறது. அதைப் பார்க்கப் பார்க்க எனக்கு அருவருப்பாக இருந்தது.

அப்புறம் பெட்டியை நம்பு என்று உனக்குக் கடிதம் வேறு எழுதினேன்.

எங்கள் கோப்புகள் திறந்த மூலப் பொதுப் பட்டியலில் இருக்கின்றன, உலகத்தில் யாரும் பார்க்கலாம். திருத்தம் அனுப்பினால் கீழே ஏன் என்று எழுதி, பெயர் போட வேண்டும். இன்று காலை அனுப்பிவிட்டேன். ‘எண் தவறு. தவறு என்னுடையது. இந்தப் போர்டு காற்றழுத்த அறைகளில் இருக்கிறது. நேரத்தை வேறு கடிகாரத்தில் அளக்கவும்.’ அவ்வளவுதான். அரை மணியில் மேலாளர் கூப்பிட்டார். ‘என்னங்க இது, ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே’ என்றார். கேட்டேனே என்றேன்.

ஒரு வரி எழுது. திட்டியாவது எழுது.

அக்கா


மே 16

அன்புச் சகோதரிக்கு,

முன்பின் தெரியாத ஆள் எழுதுவதற்கு மன்னிக்கவும். நான் அழுத்த அறைக் கதவைப் பார்த்துக்கொள்பவன். தங்கள் நலனும் தாயார் நலனும் கேட்கிறேன். தம்பி எழுதச் சொல்லவில்லை. எழுதக் கூடாது என்றுதான் சொன்னார்.

தங்கள் ஏப்ரல் 27 கடிதம் அவர் கைக்கு வந்தது. யாரிடமும் காட்டவில்லை. என்னைத் தனியே கூப்பிட்டு, ‘பெட்டி கணக்குக்கு மேல பத்து நிமிஷம் சேத்துத் தெறங்க, ஏன்னு மட்டும் கேக்காதீங்க’ என்றார். காரணம் இல்லாமல் மேஸ்திரி விடமாட்டார் என்றேன். அவர் எழுந்து போய்விட்டார்.

அன்றிலிருந்து அறையில் கடைசியாகக் காற்று இறங்கும் நேரத்தில், உள்ளே இருக்கும் கை வால்வை மூடி அதன்மேல் முதுகைக் கொடுத்து உட்கார்ந்துகொண்டார். ஆட்கள் கத்தினார்கள். வெல்டர் அடிக்கவே போனார். தம்பி அசையவில்லை. மனசுக்குள் அறுநூறு எண்ணிவிட்டுத்தான் எழுந்தார். தினமும் இதே கூத்து. மேஸ்திரி, ‘இன்னொரு தடவ பண்ணா அடுத்த படகுல ஏத்திடுவேன்’ என்று எச்சரித்தார். அப்போதும் தங்கள் பெயரை வாயைத் திறந்து சொல்லவில்லை.

மே ஒன்பதாம் தேதி ஏணியில் ஏறும்போது இடது கால் மடங்கி விழுந்தார். வலி மார்ச்சிலிருந்தே இருந்திருக்கிறது. நெட்டை ஆள், காலை நீட்ட இடமில்லாமல் பிடித்துக்கொண்டது என்று எங்களிடம் சமாளித்து வந்திருக்கிறார். சட்டையைக் கழற்றும்போது பையில் தங்கள் கடிதம் இருந்தது. படித்துவிட்டு நான்தான் மேஸ்திரியிடம் கொடுத்தேன். அன்றே வேலையை நிறுத்தினார்கள். டாக்டர் படகில் வந்து பார்த்தார், மூட்டில் எலும்பு கெட்டிருக்கலாம் என்கிறார்.

‘நான்தான் சண்ட போட்டு உங்க கடியாரத்தக் கழட்ட வெச்சேன். பாட்டுக்காரர் இடுப்பும் போச்சு. இதுல அக்கா பேர எப்படிங்க சொல்றது’ என்று கேட்டார். இதற்குப் பதில் தாங்கள் சொல்ல முடிந்தால் சொல்லுங்கள்.

தங்கள்,
கதவுக்காரர்


மே 24

தம்பிக்கு,

கதவுக்காரரின் கடிதமும் டாக்டர் சீட்டும் வந்தன. அம்மாவிடம் எல்லாவற்றையும் வாசித்துவிட்டேன், என் கையெழுத்துப் போட்ட கதையையும் சேர்த்து. டாக்டர் சீட்டை வாங்கித் தடவிப் பார்த்தாள். பிறகு, ‘ரெண்டு பேரும் எனக்குக் கண்ணு தெரியலன்னுதானே இப்படிப் பண்ணீங்க’ என்றாள்.

பொதுப் பட்டியலில் என் திருத்தத்துக்குக் கீழே இன்னும் மூன்று இடங்களிலிருந்து எழுதியிருக்கிறார்கள். ஒரு முத்துக்குளிப்பு நிலையம், இரண்டு சுரங்கங்கள். எல்லா இடத்திலும் அறுபதுக்கு அறுபத்தைந்து. இனி மூடி மறைக்க முடியாது என்று தெரிந்ததும், கம்பெனி வாங்கினவர்களுக்கெல்லாம் கடிதம் அனுப்பிவிட்டது. விசாரணை முடியும்வரை என்னை வீட்டில் இருக்கச் சொல்லியிருக்கிறார்கள். நான் அதற்கு அழவில்லை.

விலாசம் விசாரித்துப் பாட்டுக்காரர் வீட்டுக்குப் போய் வந்தேன். சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்து வந்து கதவைத் திறந்தார். யாரென்று சொன்னேன், என்ன செய்தேன் என்றும் சொன்னேன். உட்காரச் சொன்னார். மன்னித்தேன் என்று சொல்லவில்லை. அதை நான் கேட்கவும் இல்லை.

என் பெயரைச் சொல்லியிருக்க வேண்டும் நீ. முதல் நாளே சொல்லியிருந்தால் வெல்டரின் தோளையும் உன் காலையும் அன்றே யாராவது பார்த்திருப்பார்கள். என்னைக் காப்பாற்றுகிறேன் என்று உன் காலைக் கொடுத்திருக்கிறாய். அதை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வேன்?

‘நான் நலம்’ என்று ஆரம்பிக்கும் கடிதம் இனி இந்த வீட்டுக்கு வேண்டாம். வந்தால் படிக்காமல் திருப்பி அனுப்புவேன். உள்ளதை எழுது.

அக்கா


ஜூன் 3

அக்காவுக்கு,

நான் நலமாக இல்லை.

விவரம் கேட்டாய், உன் முறைப்படியே எழுதுகிறேன். இடது முழங்கால்: இருக்கிறது, வேலை செய்யவில்லை. எலும்பில் ஓர் ஓரம் செத்துவிட்டது என்று டாக்டர் படம் காட்டினார். வலது முழங்கால்: வேலை செய்கிறது, இரண்டு பேர் பாரத்தையும் சுமப்பதால் முனகுகிறது. தோள் இரண்டும் சரி. பந்தாட்டம்: இனி இல்லை. அழுத்தத்துக்குள் இறங்குவது: இனி எந்தக் காலத்திலும் இல்லை. வேறு என்ன வேலை தெரியும் எனக்கு? அந்த இடத்தில் ஒன்றும் எழுதத் தெரியவில்லை, காலியாக விடுகிறேன்.

கோபம்: இருக்கிறது. உன்மேல்தான். இதை எழுதாமல் விட்டுவிடலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். ஒரு மூலையில் எழுதியிருந்ததைப் படிக்க உனக்கு எவ்வளவு நேரம் ஆகியிருக்கும் அக்கா? அதே அளவு கோபம் என்மேலும் இருக்கிறது. ஸ்டிக்கரைப் பார்த்த சந்தோஷத்தில் ஒரு மனுஷரின் கைக்கடிகாரத்தைக் கழற்ற வைத்தேனே.

வெல்டரிடம் எல்லாம் சொல்லிவிட்டேன். அவர் தோளுக்கும் வைத்தியம் ஆரம்பித்திருக்கிறார்கள், என் கால் மாதிரி முற்றுமுன் பிடித்ததால் தேறிவிடுமாம். ‘அந்தப் பத்து நிமிஷமும் உன்னத் திட்டாத திட்டில்லடா’ என்றார்.

வெள்ளிக்கிழமைப் படகில் வருகிறேன். துறையில் பலகை போட்டுத்தான் இறக்குவார்கள், ஒற்றைக் காலில் அதில் நடக்க முடியாது. ஒரு கை வேண்டும். நீ வா. வேறு யாரையும் அனுப்பாதே. பார்த்ததும் நான் என்ன பேசுவேன் என்று எனக்கே தெரியாது. நீ கையை மட்டும் விடாதே.

எழுதியதை யாராவது சரிபார்க்க வேண்டும் அல்லவா? கதவுக்காரரிடம் கொடுத்தேன். கைக்கடிகாரம் கட்டிய கையால் வரிக்கு வரி விரலை வைத்துப் படித்தார். ‘எல்லாம் உள்ளபடிதான் இருக்கு. அழுதத மட்டும் விட்டுட்டீங்க’ என்றார்.

அதையும் சேர்த்துக்கொள்.

நெட்டை